ஆவுளியாவின் மூச்சும் மணமேல்குடி வலையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் காட்டுயிர் என்று பேச்செடுத்தால் விராலிமலை மயில்தான் முதலில் வந்து நிற்கும். முருகன் கோயில் குன்றையும் சுற்றியுள்ள புதர்க்காட்டையும் விட்டு அது நிலக்கடலைக் கொல்லைக்கும் நெல் வயலுக்கும் இறங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. விதைத்ததைக் கிளறுகிறது, கதிரை உருவுகிறது என்று உழவர்கள் முறையிடுவதும் வழக்கமாகிவிட்டது. இதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கட்டுமாவடிக்கும் மீமிசலுக்கும் இடைப்பட்ட கரையோரக் கடலில், மயிலைப் போல எழுபது எண்பது மடங்கு எடையுள்ள ஒரு பாலூட்டி புல் மேய்ந்து பிழைக்கிறது. குளத்தூர், பொன்னமராவதிப் பக்கத்து ஆட்களில் பலருக்கு அப்படியொன்று தங்கள் மாவட்டத்தில் இருப்பதே தெரியாது. பாடநூல் அதைக் கடற்பசு என்கிறது; கடற்கரை ஆவுளியா என்கிறது, சில ஊர்களில் கடல்பன்றி. மயிலும் ஆவுளியாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கொன்றால் இரண்டுக்கும் ஒரே தண்டனைதான்: 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் ஒன்று நாடெங்கும் பெருகுவதை 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை காட்டுகிறது. மற்றது அருகிக்கொண்டே போகிறது. ஒரே சட்டத்தின் நிழலில் இப்படி நேர்மாறான இரண்டு முடிவுகள் எப்படி வந்தன? ஒரு விலங்கு மனிதருக்கு அருகில் வாழ்வதும் அழிவதும், அதன் உடலின் தேவை எந்த மனிதத் தொழிலில் போய் முட்டுகிறது என்பதைப் பொறுத்தது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆவுளியா முட்டுவது வலையில். ஆகவே அதைக் காக்கும் ஏற்பாடும் வலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் உடலைப் பார்ப்போம். ஆவுளியா திமிங்கலத்தின் உறவு அல்ல, யானையின் தூரத்து உறவு. வளர்ந்தது 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை இருக்கும். ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் போகாமல் கடலிலேயே வாழ்ந்து, தாவரத்தையே உண்ணும் பாலூட்டி இன்று உலகில் இது ஒன்றுதான். கடற்புல்லை வேரோடு பிடுங்கி, நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும். கடற்புல் பாசி இனம் அல்ல. வேரும் தண்டும் பூவும் உள்ள நிலத்தாவரங்களின் வழிவந்தது, வெளிச்சம் எட்டும் ஆழத்தில்தான் முளைக்கும். அதனால் ஆவுளியாவும் கரையை ஒட்டிய ஆழமற்ற நீரை விட்டு அதிக தூரம் போக முடியாது. நாட்டுப்படகுக்காரர்கள் வலை போடும் இடமும் அதுவே. இரண்டாவது கட்டாயம் மூச்சு. மீனைப் போலச் செவுள் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை நீருக்கு வெளியே நீட்டியாக வேண்டும். டால்பினைப் போல ஒலியெழுப்பி எதிரொலியால் எதிரே இருப்பதை அறியும் திறனும் இல்லை. கலங்கிய நீரில், இருட்டில், அடியில் நிற்கும் நைலான் வலை அதற்குத் தெரியாது. சிக்கினால் வலையின் கனத்தோடு மேலே வந்தாக வேண்டும், முடியாவிட்டால் சாவு.

மூன்றாவது கட்டாயம் பிறப்பு. மயில் பேடு ஓர் ஆண்டில் 4 முதல் 6 முட்டை வரை இடும். ஒரு பருவம் தவறினாலும் அடுத்த பருவம் ஈடுகட்டும். ஆவுளியா 70 ஆண்டு வரை வாழக்கூடியது, ஆனால் முதல் கன்று ஈனவே 6 முதல் 17 ஆண்டு வரை ஆகிறது. 13, 14 மாதம் சுமந்து ஒரே கன்று. அது பால் மறக்க ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. உலகின் மிகப்பெரிய ஆவுளியாக் கூட்டங்கள் உள்ள ஆஸ்திரேலியாவில் இவற்றை நீண்டகாலம் ஆராய்ந்த ஹெலீன் மார்ஷ் போன்றோரின் கணக்குப்படி, உணவு, நீர், அமைதி எல்லாம் கூடிவந்தாலும் இவற்றின் எண்ணிக்கை ஆண்டுக்கு சுமார் 5 விழுக்காட்டுக்கு மேல் வளராது. பெண் விலங்குகளில் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு விழுக்காட்டுக்கு மேல் மனிதரால் செத்தால் கூட்டம் தேயத் தொடங்கிவிடும். இந்த விழுக்காட்டை நம் கடலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இந்தியக் கடல்கள் முழுவதிலும், அதாவது மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் எல்லாம் சேர்த்து, 200 முதல் 250 வரைதான் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கணக்குக்காகப் பாக் விரிகுடாவில் 100 என்று வைத்துக்கொள்வோம். பாதி பெண், அதில் கன்று ஈனும் பருவத்தில் 30. அந்த முப்பதில் 2 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு தாய் செத்தால் இந்தக் கூட்டம் தாங்கும், ஆண்டுக்கு ஒன்று செத்தால் தாங்காது. பல்லாயிரம் வலைகள் இறங்கும் கடலில், ஏதோ ஒரு வல்லத்தில் (நாட்டுப்படகில்) ஏதோ ஓர் இரவு நடப்பது ஓர் உயிரினத்தின் போக்கையே திருப்பிவிடும் என்பதற்கு இதைவிடக் கறாரான சான்று வேண்டியதில்லை.

இது வெறும் காகிதக் கணக்கு என்று தோன்றினால் இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. ஆவுளியாவின் நெருங்கிய உறவான ஸ்டெல்லர் கடற்பசு பேரிங் கடலில் 1741-இல் அறிவியலாளர் கண்ணில் பட்டது. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு 1768-க்குள் ஒழிந்தது. அதற்கு எடுத்த காலம் 27 ஆண்டு. சீனக் கடலோரத்தில் ஆவுளியா நடைமுறையில் அழிந்துவிட்டது என்று 2022-இல் ஓர் ஆய்வு முடிவு சொன்னது. அங்கே 1988 முதலே உயர்ந்தபட்சச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. அந்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்த வழியும் கவனிக்கத்தக்கது: கரையோர ஊர்களில் நூற்றுக்கணக்கான மீனவர்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். கடலுக்குள் என்ன இருக்கிறது, எப்போது இல்லாமல் போனது என்பதற்கு வேறு சாட்சி அவர்களுக்கு இல்லை.

நம் கடற்கரைக்கு வருவோம். ஆவுளியாவை இங்கே ஒருகாலத்தில் வெளிப்படையாகவே பிடித்துத் தின்றார்கள். இறைச்சிக்கு மருந்துக் குணம் உண்டென்ற நம்பிக்கையும் விலையைத் தூக்கிப் பிடித்தது. மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களின் கடைசியில் ஒரு ஜோடியைக் குளத்தில் வளர்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகள் உலக அளவிலேயே முன்னோடியானவை. சட்டம் வந்தபிறகு திட்டமிட்ட வேட்டை பெருமளவு ஒடுங்கியது. இதைச் சட்டத்தின் வெற்றியாகவே கொள்ளலாம். மிச்சமிருப்பது யாரும் வேண்டாமலே நிகழும் சாவு. திருக்கை மீனுக்காக அடியில் கட்டிவைக்கும் அகலக் கண்ணி வலை, நண்டு வலை, மற்ற செவுள் வலைகள் ஆகியவற்றில் ஆவுளியா வந்து மாட்டுகிறது. வேண்டாத சாவைத் தண்டனையால் தடுக்க முடியாது என்பதோடு, தண்டனையின் அச்சம் இங்கே கேடாகவும் முடியலாம். வலையில் செத்துக்கிடப்பதைப் பார்த்தவர் வனத்துறைக்குச் சொன்னால் வழக்கு வருமோ என்று பயப்படுவார். சொல்லாமல் அறுத்துவிட்டால் எங்கே, எந்த வலையில், எந்த மாதத்தில் செத்தது என்ற தகவலும் கடலோடு போய்விடும். மேலே சொன்ன கணக்குக்குத் தேவையான ஒரே எண், அதாவது ஆண்டுச் சாவு எத்தனை என்பது, இப்படித்தான் நம் கைக்கு எட்டாமல் போகிறது.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். விலங்கு சில நிமிடத்தில் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்றால், விடிந்தபின் வந்து வலையை இழுப்பவர் காப்பாற்ற என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. கரைவலையில், இடுப்பளவு மார்பளவு நீரில் சிக்குவதும், லேசான வலையை இழுத்துக்கொண்டே மேலே வந்து மூச்சுவிடுவதும் உயிரோடு கிடைக்கின்றன. பாக் விரிகுடாக் கரையில் மீனவர்கள் வலையை அறுத்து ஆவுளியாவை விடுவித்த செய்திகள் இப்போது அவ்வப்போது வருகின்றன. ஆனால் அதைவிடக் கனமான முடிவு முந்தின மாலையே எடுக்கப்படுகிறது. எந்தப் புல்தரைக்கு மேல் வலை போடுவது, எத்தனை மணி நேரம் விட்டுவைப்பது, திருக்கை வலையைப் புல் இல்லாத மணல் பக்கம் தள்ளிப் போடலாமா என்பதெல்லாம் கரையிலேயே தீர்மானமாகிறவை. மேய்ந்த இடத்தில் ஆவுளியா நீண்ட தடம் விட்டுப்போகும். உழவு சால் போலத் தரையில் தெரியும் அந்தத் தடத்தை எந்தப் பருவத்தில் எங்கே பார்க்கலாம் என்பது அங்கே நாள்தோறும் தொழில் செய்கிறவருக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. விடுவிப்பைப் புகழும் நாம் வலை போடும் இடத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது என் பார்வையில் பெரிய குறை.

2022 செப்டம்பர் 21 அன்று தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினம் தொடங்கிப் புதுக்கோட்டை மாவட்டத்து அம்மாபட்டினம் வரை அது நீள்கிறது. உள்ளே 12,250 ஹெக்டேர் கடற்புல் இருப்பதாக அரசின் கணக்கு. இந்த விலங்குக்கென்றே இந்தியாவில் ஒதுக்கப்பட்ட முதல் பகுதி அது. தேசியப் பூங்கா, சரணாலயம் என்ற வகைகளை விட்டுவிட்டு, 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 36ஏ பிரிவின் கீழ் அறிவித்ததுதான் இதில் முக்கியம். உள்ளூர் மக்களைக் கலந்துகொண்டு, அவர்கள் உரிமையைப் பறிக்காமல் ஓரிடத்தைக் காக்க அந்தப் பிரிவு வழி செய்கிறது. மீன்பிடிப்பு தொடரலாம். இது அரைகுறைப் பாதுகாப்பு, விலங்கு அழியும் நிலையில் இருக்கும்போது கடலையே மூடிவிட வேண்டும் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்குப் பதில் தெற்கே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றுக்கடலையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. பவளப்பாறைக்கு அதனால் நன்மை விளைந்திருக்கிறது. பவளம் வெட்டுவது நின்றது. ஆனால் தீவோரம் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் தங்கள் தொழிலிடத்திலேயே குற்றவாளிகளாக நிற்க நேர்ந்தது. அந்த மனக்கசப்பு இன்றும் ஆறவில்லை. பவளம் இருந்த இடத்தில் இருக்கும், காவல் படகு அதைச் சுற்றி வரலாம். ஆவுளியா புல்லைத் தேடிப் பல கிலோமீட்டர் போய்வருவது. கோட்டுக்கு இந்தப் பக்கம் புனிதம், அந்தப் பக்கம் வலை என்ற ஏற்பாடு அதற்கு உதவாது. அந்தக் கோட்டுக்குள்ளும் நள்ளிரவில் வலை சிக்கிய சில நிமிடத்தில் வந்துசேரக்கூடிய காவலர் யாரும் இல்லை, அருகே படகில் இருக்கும் மீனவரைத் தவிர. அவரைப் பகைத்துக்கொண்டு இந்த விலங்கைக் காக்க முடியாது.

இதையே திருப்பிப்போட்டு இன்னொரு எதிர்வாதம் வரும். வல்லம் வைத்திருப்பவர் தலையில் சுமையை ஏற்றுகிறீர்களே, கடல் தரையையே வாரிச் சுரண்டும் விசைப்படகைக் கேட்க ஆள் இல்லையா? கேட்க வேண்டியதுதான். வலை விலங்கைக் கொல்கிறது, விசைப்படகின் இழுவைமடி விலங்கின் மேய்ச்சலைக் கொல்கிறது. இரண்டும் வெவ்வேறு சாவு. 1992-இல் ஆஸ்திரேலியாவின் ஹெர்வி விரிகுடாவில் வெள்ளமும் புயலும் சேர்ந்து சுமார் 1000 சதுர கிலோமீட்டர் கடற்புல்லை அழித்தபோது, ஒரு வலையும் தொடாமலே ஆவுளியாக்கள் பட்டினியால் செத்துக் கரை ஒதுங்கின. விசைப்படகு கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் தொழில் செய்யக்கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதி. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டைமடியும் தடை செய்யப்பட்டது. அந்த விதி நடந்தாலே புல்தரையின் பெரும்பகுதி பிழைக்கும். பாதுகாப்பகத்தின் தெற்கு எல்லையைத் தாண்டியதும் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும், மாவட்டத்தின் விசைப்படகுத் துறைமுகங்கள். அங்கிருந்து புறப்படுகிறவர்களுக்கும் முன்னால் இலங்கை எல்லைக்கோடு, பின்னால் 3 மைல் கோடு. எல்லையைத் தாண்டினால் சிறை, படகு பறிமுதல். 2017-இல் இலங்கை இழுவைமடியையே சட்டத்தால் தடை செய்துவிட்டது. அதே ஆண்டு நம் அரசுகள் பாக் விரிகுடா இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற, படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்று திட்டம் போட்டன. 2000 படகு என்பது இலக்கு. அதன் அருகில்கூடப் போகவில்லை. ஆழ்கடலுக்கு வேறு திறமை வேண்டும், வேறு துறைமுகம் வேண்டும், கடனைக் கட்டும் வரை பொறுக்கும் கையிருப்பு வேண்டும். ஆக, விசைப்படகின் சிக்கல் தீர ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆவுளியா காத்திருக்காது என்பதால்தான் வலையின் பக்கம் இப்போதே வேலை தொடங்க வேண்டும் என்கிறேன். தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொள்ள இந்தக் கடற்கரைக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது: வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு சண்டையும் சாவுமாகக் கழிந்த 1970-களுக்குப் பிறகு பிறந்து, குறைகளோடு இன்றும் நடக்கிறது.

ஆவுளியாவைக் காத்தால் மீன் பெருகும் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. இதை அப்படியே விழுங்க வேண்டாம். கடற்புல் இறாலுக்கும் நீலக்கால் நண்டுக்கும் ஓரா மீனுக்கும் குஞ்சு வளரும் தொட்டில் என்பது உறுதி. ஆவுளியா மேய்ந்த தரையில் வேகமாக வளரும், சத்து மிகுந்த புல்வகை தழைப்பதை ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் கண்டறிந்திருக்கிறார்கள்; அதன் சாணம் வழியாகப் புல்விதை பரவுவதும் தெரிந்ததே. ஆனால் அங்கே நூற்றுக்கணக்கில் கூட்டமாக மேய்கின்றன. இங்கே, நாம் கணக்குக்கு வைத்துக்கொண்ட 100 விலங்கும் பாதுகாப்பகத்துக்குள்ளேயே நாளுக்கு 35 கிலோ தின்றாலும், 12,250 ஹெக்டேரில் ஒரு ஹெக்டேருக்கு 300 கிராம்கூட வராது. இன்றைய எண்ணிக்கையில் ஆவுளியா நம் புல்தரையைப் பெரிதாக மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது மிகை. உண்மையான உறவு வேறு: ஆவுளியாவுக்கும் நண்டு வலைக்காரருக்கும் ஒரே புல் வேண்டும். புல்லைக் கெடுப்பது இருவருக்கும் எதிரி. அந்த எதிரிகளில் சில கரையிலேயே இருக்கின்றன. இறால் பண்ணைக் கழிவுநீர் ஒன்று. மாவட்டத்தின் உள்நிலத்து மண்ணையும் உரத்தையும் சுமந்து மணமேல்குடிப் பக்கம் கடலில் சேரும் வெள்ளாறு இன்னொன்று. நீர் கலங்கினால் வெளிச்சம் குறையும், வெளிச்சம் குறைந்தால் புல் சாகும். தஞ்சாவூர்க் கரையில் ஓம்கார் அறக்கட்டளை மூங்கில் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிறு கட்டிக் கடற்புல் நட்டிருக்கிறது. நல்ல வேலை, ஆனால் கெடுப்பது நிற்காமல் நடுவது மட்டும் போதாது.

இனி வெகுமதி. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2016 முதல் நடத்தும் ஆவுளியா மீட்புத் திட்டத்தில், விலங்கை உயிரோடு விடுவிக்கும் மீனவருக்குப் பாராட்டும் பணமும், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் உண்டு. பணத்துக்காக வேண்டுமென்றே பிடித்து விடுவார்களே என்று சிலர் ஐயப்படுகிறார்கள். 400 கிலோ மிருகம் திமிறினால் வலை மிஞ்சாது, வல்லமே கவிழலாம். பரிசுக்காக அதைச் செய்கிறவர் தொழில் தெரியாதவராகத்தான் இருப்பார். எனக்குள்ள குறை எதிர்ப்பக்கம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரையில் படகையும் வலையையும் நொறுக்கிப் போட்டபோது, மீண்டும் கடலுக்குப் போகப் பலர் கடன் வாங்கியே வலை வாங்கினார்கள். வட்டி ஓடும் வலையை ஒரு விலங்குக்காக அறுப்பவருக்குச் சால்வையும் விழா மேடையும் காசோலையும் பல மாதம் கழித்து வந்து பயனில்லை. அறுத்த வலையின் முழு விலை அந்த வாரமே கைக்கு வர வேண்டும், அதைப் பரிசு என்று சொல்லாமல் இழப்பீடு என்று சொல்ல வேண்டும். செத்த விலங்கைத் தெரிவிப்பவர் மீது, அது தற்செயல் என்று தெரியும்போது, வழக்கு இல்லை என்று எழுத்தில் உறுதி வேண்டும். திருக்கை வலையைப் புல்தரை விட்டுத் தள்ளிப் போட ஒப்பும் ஊருக்கு அதனால் குறையும் மீன்பாட்டை ஈடுகட்டவும் வேண்டும்.

இவற்றை முடிவு செய்ய வேண்டியது பாதுகாப்பகத்தின் மேலாண்மைக் குழு. அதில் யார் யார் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 36பி பிரிவு பட்டியலிடுகிறது: வனத்துறையிலிருந்து ஒருவர், தொடர்புடைய ஊராட்சிகளிலிருந்து ஒவ்வொருவர், காட்டுயிர்ப் பாதுகாப்பில் உள்ள தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர். நிலத்தை நினைத்து எழுதிய பட்டியல் அது. 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆளும் குழுவில் வேளாண்மைக்கும் ஆடுமாட்டுக்கும் இடம் உண்டு, மீன்வளத் துறைக்கும் வலை போடுகிறவருக்கும் பெயர் சொல்லி இடம் இல்லை. அந்தப் பட்டியலைத் திருத்தி, கட்டுமாவடியிலும் மணமேல்குடியிலும் அம்மாபட்டினத்திலும் திருக்கை வலையும் நண்டு வலையும் போடுகிறவர்களைக் குழுவில் உட்கார வைக்கும்படி மாநில அரசும் ஒன்றிய அரசும் செய்ய வேண்டும்.